ஒன்பதாமவனின் முழங்கால்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கூலிக்கு எழுதித் தருவதாகத் தலையாட்டிய அறுபது சொற்களிலிருந்து வந்தது. அறுபதில் முடித்திருக்க வேண்டியதை இவ்வளவு தூரம் இழுத்திருக்கிறேன் என்றால், அந்த அறுபதை என்னால் எழுத முடியவில்லை என்று பொருள்.

எனக்கு எழுபத்து மூன்று வயது. எழுத்து வாழ்க்கையின் பெரும்பகுதியைப் பூச்சிமருந்து டப்பாக்களின் பின்பக்கத்தில் கழித்தவன். ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்பதை இருபத்தேழு விதமாக எழுதியிருக்கிறேன். என்னைப் படித்து யாரும் செத்ததாகத் தகவல் இல்லை. இப்படி நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடிய எழுத்தாளர்கள் குறைவு.

அப்படிப்பட்ட என்னைச் சண்டை விளையாட்டு செய்யும் ஒரு கம்பெனி கூப்பிட்டது. திரையில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். ஆளுக்கொரு பக்கம் பட்டனை அழுத்துவீர்கள். தொண்ணூறு வினாடிக்குள் ஒருவன் கீழே விழுவான். மொத்தம் பன்னிரண்டு சண்டைக்காரர்கள். நான்கு வருடமாக விற்பனையில் இருக்கிறார்கள். இப்போது புதுப் பதிப்பு.

“ஆளுங்க நல்லா அடிக்கிறாங்க சார். ஆனா ஆழம் இல்லேங்கறாங்க,” என்றார் டீம் லீடர். “ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கதை, ஒரு குறை, ஒரு வலி வேணும். அறுபது வார்த்தைல.”

“வலியா? அதான் தொண்ணூறு செகண்டும் வாங்கறானே.”

“அது உடம்பு வலி சார். நான் சொல்றது உள்ள.”

2

தொடக்கங்கள்:

‘மழை கொட்டிய ஒரு மாலையில், ஒன்பதாமவன் தன் தந்தையின் கல்லறை முன்னால் நின்று—’

வேண்டாம்.

‘கண் எதிரே தந்தை வெட்டப்பட்டபோது அவனுக்கு வயது ஏழு. அன்று அவன் எடுத்த சபதம்—’

இதுவும் வேண்டாம். முதல் எட்டுப் பேரின் அப்பாக்களையும் ஒரே வாரத்தில் கொன்றுவிட்டேன். ஒன்பதாவது அப்பாவை நெருங்கும்போதுதான் பக்கத்து மேசையிலிருந்து குரல் வந்தது.

“சார், ஒரு அப்பாவாவது வயசாகிச் சாகக் கூடாதா?”

அவளைத்தான் நான் கதையின் தொடக்கத்தில் வைத்திருக்க வேண்டும். ஆபீசில் அவளுக்குப் பெயர் தராசு. பன்னிரண்டு பேரையும் நிறுத்துப் பார்ப்பது அவள் வேலை. ஒருவனுக்கு வேகம் கூடினால் பலத்தைக் குறைப்பாள். பலம் கூடினால் கால் நீளத்தைக் குறைப்பாள். எவனை எடுத்து ஆடினாலும் ஜெயிக்க வழியிருக்க வேண்டும், அதுதான் நியாயம் என்பாள். முப்பத்தாறு வயது. சிரிக்கும்போதும் எதையோ எண்ணிக்கொண்டிருப்பது போல இருப்பாள்.

(இங்கே ஒரு குறிப்பு. என் கதைகளைக் காட்டும்போது, வலது மூலையில் ‘தாண்டு’ என்று ஒரு பட்டன் இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் அதை அழுத்துவார்கள் என்று கம்பெனியே கணக்கெடுத்து வைத்திருக்கிறது. மிச்சம் மூன்று பேர். அதில் ஒருவருக்குப் பட்டன் ரிப்பேர் என்பது என் அனுமானம்.)

ஆக, சண்டைக்காரனுக்கு ஆழம் எதற்கு? தெருவில் ஒருவன் நம் சட்டையைப் பிடித்தால் அவன் இளமைப் பருவத்தையா விசாரிக்கிறோம்? கை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுதான் பார்க்கிறோம். குறை இல்லாத ஆள் சுவாரஸ்யமில்லை என்கிறார்கள். சரிதான். ஆனால் அந்தக் குறையை எழுதுகிறவன்தான் வைக்க வேண்டுமா, ஏற்கெனவே அங்கே

இந்த வாக்கியத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

3

ஒன்பதாமவனை யாரும் எடுப்பதில்லை. நான்கு வருடமாக அவனுக்குப் பலத்தை ஏற்றி ஏற்றிப் பார்த்தாள் தராசு. பயனில்லை. ஆடுகிறவர்கள் அவனுக்கு ‘முட்டி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவனிடம் இருப்பதிலேயே நல்ல அடி சுழன்று உதைப்பது. உதைத்துத் தரையில் இறங்கியதும் இடது கை முழங்காலை ஒரு தடவை தொடும். கால் வினாடிக்குக் கொஞ்சம் கூட. திரையில் வினாடிக்கு அறுபது படம் ஓடும் என்பதால் அவள் கணக்கில் பதினாறு படங்கள். அந்தப் பதினாறு படத்துக்குள் எதிராளி ஒரு குத்து விட்டால் முட்டியின் கதை முடிந்தது.

“ஒண்ணு, அதை வெட்டுங்க. இல்லேன்னா அதுக்கு சார் ஒரு கதை கொடுக்கட்டும்,” என்றார் டீம் லீடர். “எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு. குறை ரெடியா இருக்கு பாருங்க. காரணம் மட்டும்தான் பாக்கி. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு ஃபைலைப் பூட்டிடுவோம். அதுக்குள்ள முடிவு பண்ணிடுங்க.”

காரணம் தேடி நான் விட்டத்தைப் பார்த்தேன். தராசு பழைய பதிவைத் திறந்தாள்.

4

இனி வருவதில் பாதி அவள் சொன்னது. பாதி நான் போட்டது. கறுப்பு விரிப்பு அவள் சொன்னது. நாற்காலியும் அவள் சொன்னதுதான்.

விளையாட்டு வெளிவருவதற்கு முன்னால் எடுத்த பதிவு. ஜன்னல் இல்லாத மண்டபம். தரையெல்லாம் கறுப்பு விரிப்பு, சுற்றிலும் இருபது கேமரா. நடுவில் அவள் அண்ணன். சினிமாவில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுகிறவர். பன்னிரண்டு சண்டைக்காரர்களுக்கும் உடம்பு கொடுக்க அவள்தான் அழைத்து வந்திருந்தாள். உடம்போடு ஒட்டிய உடுப்பு, அதன்மேல் கோலிக்குண்டு அளவில் வெள்ளை உருண்டைகள். கேமராக்கள் அந்த உருண்டைகளைத்தான் பார்க்கும். ஆளைப் பார்க்காது. அவருடைய அசைவை எடுத்துத் திரையில் வரைந்த ஆளுக்கு மாட்டிவிடுவார்கள்.

“அம்மை போட்ட மாதிரி இருக்கேன். ஒரு போட்டோ எடுத்து அண்ணிக்கு அனுப்பு, பயப்படட்டும்,” என்றார் அண்ணன்.

மூலையில் ஒரு சாதாரண கேமராவும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் இத்தனை வருடம் திறந்ததில்லை. துடைத்துச் சுத்தம் செய்த அசைவுதான் அவள் மேசைக்கு வரும்.

ஒன்பதாமவன், சுழன்று உதைப்பது, ஆறாவது முறை. அண்ணன் சுழல்கிறார். இடது கால் இறங்குகிறது. கை முழங்காலுக்குப் போகிறது. விளையாட்டில் இருப்பது யாரோ வரைந்த முகம். இங்கே இருந்தது அண்ணனின் முகம். அவள் படத்தை நிறுத்தினாள். ஒவ்வொன்றாக நகர்த்தினாள். மூன்றாவது படத்தில் கண் மூடியது. பதினொன்றில் திறந்தது. பதினாறில் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு திரைக்கு வெளியே இருந்து ஒரு பெண் குரல் கேட்டது. “நல்லா இருந்துச்சுண்ணா. இன்னும் ஒண்ணே ஒண்ணு.”

அவளுடைய குரல்தான். அன்று கேமராவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“போட்டுட்டாப் போச்சு,” என்றார் அண்ணன்.

அதற்கப்புறம் அன்று மாலைவரை அவர் எத்தனை முறை உதைத்தார் என்று எண்ணினாள். பத்தாமவன், பதினொன்றாமவன், பன்னிரண்டாமவன் பாக்கியிருந்தார்களே. முப்பத்தொன்று. ஒன்பது நாள் கழித்து அண்ணி போன் செய்து, “உங்கண்ணன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார்மா, முட்டி போச்சு,” என்றது அவளுக்கு நினைவுக்கு வந்தது. பிறகு ஆபரேஷன். அதற்குப் பிறகு அவரை யாரும் சண்டைக்குக் கூப்பிடவில்லை. இப்போது ஒரு வாகன நிறுத்தத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சீட்டு கிழித்துக் கொடுக்கிறார்.

அவள் எழுந்து, அசைவுகளைத் துடைத்துச் சுத்தம் செய்பவரிடம் போனாள். “ஒன்பதாமவன் முட்டியைத் தொடறதை ஏன் விட்டு வெச்சீங்க? ஏழாவது, எட்டாவது பதிவெல்லாம் இருந்துச்சே.”

“அது நடிப்புன்னு நெனச்சேங்க,” என்றார் அவர். “அடிச்சதும் முட்டி நோவுது, தொட்டுப் பாக்கறான். என்னா ஒரு நுணுக்கம். மத்த பதினோரு பேர்கிட்டயும் இல்லாத ஒண்ணு. அதான் ஆறாவதையே எடுத்தேன். தப்பாப் போச்சா?”

“இல்ல,” என்றாள்.

5

இதெல்லாம் தெரியாமல் நான் மறுநாள் கேன்டீனில் என் அறுபது சொற்களோடு அவள் எதிரே உட்கார்ந்தேன். அம்மாவை எட்டாமவன் கதையில் ஏற்கெனவே வெள்ளத்தில் விட்டுவிட்டதால், இதில் தங்கையைப் போட்டிருந்தேன். வேறு உள்நோக்கம் கிடையாது.

“‘வீடு பற்றி எரிந்த அன்று, தங்கையைத் தோளில் சுமந்து தீக்குள்ளிருந்து வெளியேறினான். எரியும் உத்திரம் அவன் முழங்காலில் விழுந்தது. இன்றும் ஒவ்வோர் உதைக்குப் பிறகும் அவன் கை அந்தத் தழும்பைத் தேடுகிறது. தங்கையோ—’ எப்படிம்மா இருக்கு?”

அவள் டம்ளரை வைத்தாள். மறுபடி எடுத்தாள். அதில் ஒன்றும் இல்லை.

“தங்கச்சி தீக்குள்ள இல்ல சார்,” என்றாள். “தங்கச்சி நாற்காலில உக்காந்திருந்தா.”

பிறகுதான் மேலே நான்காம் பகுதியில் உள்ளதைச் சொன்னாள். நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ‘குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் பாதுகாக்கவும்’ என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை மதியம் விளையாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தராசு கை கழுவப் போனபோது பாத்ரூம் தரையில் மூன்று ரப்பர் விரிப்புகள் கிடந்தன. ஐந்து வருடமாக அங்கே கிடப்பவைதான். அன்றுதான் அவளால் அவற்றின்மேல் கால் வைக்க முடியவில்லை.

“நாலாவது ஒண்ணும் வாங்கியிருக்கேன்மா, வாசல்ல போடறதுக்கு,” என்றாள் அண்ணி. “எந்தச் சோப்புல வழுக்கினார்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. நான் சோப்பை மாடத்தை விட்டுக் கீழ வெக்கறதே இல்ல.”

“பழைய கேஸை விடு,” என்றார் அண்ணன். “போடும்மா விளையாட்டை.”

அண்ணன் முதலாமவனை எடுத்தார். அவள் ஒன்பதாமவனை எடுத்தாள்.

“முட்டியையா எடுத்த? பாவம்,” என்றார்.

அவள் சுழன்று உதைத்தாள். முட்டியின் கை கீழே போனது. அண்ணன் அடித்தார். மறுபடி உதைத்தாள். மறுபடி அடித்தார். ஒரு முறைகூடத் தவறவில்லை. விட்டுக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. மூன்று சுற்றும் தோற்றாள்.

“எப்படிண்ணா அந்த நேரம் இவ்ளோ கரெக்டா தெரியுது?”

“கை கீழ போறதுக்கு முன்னாடி ஒரு மூச்சை இழுத்துப் பிடிப்பான். அப்பவே தெரிஞ்சிரும்.”

“அவனுக்கு மூச்சே வெக்கலண்ணா நாங்க.”

இஸ்திரிப் பெட்டி நின்றது. அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அப்படியா,” என்றார்.

“நீ பாத்ரூம்லதானே விழுந்தே?”

“வேற எங்க விழுவாங்க? அடுத்ததைப் போடு.”

அவள் போடவில்லை. “அவன் முட்டியைத் தொடறதை எடுத்துடலாம்னு இருக்காங்க. நான்தான் முடிவு பண்ணணும்.”

“எடுத்தா ஜெயிப்பானா?”

“ஜெயிப்பான். எல்லாரும் அவனைத்தான் எடுப்பாங்க.”

“அப்ப எடு. இதுல என்ன யோசனை உனக்கு?” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்தார். எழும்போது கை முழங்காலுக்குப் போனது. வேலைப் பழக்கம், அவள் மனதுக்குள் எண்ணிவிட்டாள். நூற்று நாற்பது படங்கள்.

அண்ணி அந்தச் சட்டையின் ஒரே கைக்கு மூன்றாவது தடவையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

7

முடிவுகள்:

அ) வெட்டிவிடுகிறாள். ஒன்பதாமவன் யாருக்கும் சளைக்காதவனாகிறான். வீடு வீடாக, ஒரு நாளைக்கு லட்சம் முறை சுழன்று உதைத்து, ஒன்றுமே நடக்காதவன்போல நேராக நிற்கிறான். அண்ணன் சொன்னபடி நடந்தாயிற்று. அவள் குரல் யாருக்கும் கேட்காது. நல்ல முடிவுதான். மன்னிப்பு மாதிரியே இருக்கும். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆ) விட்டுவைக்கிறாள், என் தீயும் உத்திரமும் கூடவே போகின்றன. டீம் லீடர் கைதட்டுகிறார். மூன்று பேர் படிக்கிறார்கள். ஒருவர் கண்கலங்கி, என்ன ஒரு ஆழம் என்கிறார். அவளால் அந்த ஒருவரைத் தாங்க முடியவில்லை.

இ) அவள் அண்ணனிடம் நேரே சொல்கிறாள், ‘அண்ணா, நான்தான்—’

இதை எட்டு முறை எழுதிப் பார்த்தேன். எட்டு முறையும் அண்ணன் அவளை முடிக்க விடவில்லை. ‘போட்டுட்டாப் போச்சு’ என்று பேச்சை மாற்றிவிடுகிறார். நான் உண்டாக்கிய ஆள் என்றால் மிரட்டியாவது கேட்க வைத்திருப்பேன்.

இரண்டாம் பகுதியில் பாதியில் விட்ட வாக்கியத்துக்கு இதுதான் இடம் என்று நினைக்கிறேன். குறை ஏற்கெனவே அங்கே இருந்தது. பதினாறு படங்களுக்குள் ஒரு மனிதன் கண்ணை மூடி, திறந்து, தங்கைக்காகச் சிரித்தும்விட்டான். அதில் நான் சேர்க்க வேண்டியது எதுவும் இல்லை. முகத்தைத்தான் கம்பெனி வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டது.

8

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிடம். அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாமவன் முழங்காலில் கை வைத்தபடி நின்றான். பக்கத்து மேசையில் நான் என் அறுபது சொற்களை அழித்துவிட்டு வெறும் கட்டத்தை அனுப்பினேன். கம்பெனி என்னை மறுபடி கூப்பிடவில்லை. அது வேறு சோகம், சிறியது.

அவள் விரல் என்ன செய்தது என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டிய இடம்தான். அந்த நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான் கண்ணாடியைப் போடும்போது அவள் பையை மாட்டிக்கொண்டு, “வரேன் சார்,” என்று கிளம்பிவிட்டாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் படிக்கிற தைரியம் எனக்கு வந்திருக்காது.

என் வீட்டில் அந்தப் பெட்டி கிடையாது. உங்கள் வீட்டில் இருக்கலாம். இருந்தால் புதுப் பதிப்பைப் போட்டு, ஒன்பதாமவனைச் சுழன்று உதைக்கச் சொல்லுங்கள். இறங்கியதும் இடது கையைக் கவனியுங்கள். அது முழங்காலுக்குப் போனால் ஒரு முடிவு, போகாவிட்டால் இன்னொன்று. எதுவானாலும் எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

ஒன்று மட்டும். அதைப் பார்க்க வேண்டுமானால், முதலில் நீங்கள் அவனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவனை யாரும் எடுப்பதில்லை.