ஒன்றரை வேகம்

அவன் கம்ப்ரசரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுடைய அண்ணன் வீட்டு முன்னறையில், ஜன்னலோர நாற்காலியில், டீ டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "அப்ப பார்த்தா... அந்த கம்ப்ரசர்..." என்று ஆரம்பித்துவிட்டு, அடுத்த சொல் மேலே எங்கோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் கூரையைப் பார்த்தான். அண்ணன் மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்த அவளுடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அவளுக்கே முதலில் அது தெரியவில்லை. அண்ணிதான் பார்த்துவிட்டு, "என்ன, கால் மரத்துப்போச்சா?" என்று கேட்டாள். குனிந்து பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கியது. அங்கே இல்லாத ஒரு மிதியைக் கால் தேடிக்கொண்டிருந்தது. காலைச் சோபாவுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

மிதி அவள் வேலை மேஜைக்குக் கீழே இருந்தது. ஆஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்து முடித்ததும் வாய்க்கு வந்தபடி பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டு ஒழுங்கான அறிக்கையாகத் தட்டச்சு செய்து தருவது அவள் வேலை. மிதியின் நடுவில் அழுத்தினால் குரல் ஓடும், இடதுபக்கம் அழுத்தினால் பின்னால் போகும், வலதுபக்கம் அழுத்தினால் முன்னால் பறக்கும். டாக்டர்கள் கொட்டாவி விடுவார்கள், வாயில் எதையோ மென்றுகொண்டு பேசுவார்கள், இருமுவார்கள், நர்ஸைத் திட்டுவார்கள். அதெல்லாம் அறிக்கையில் வரக்கூடாது. 'ம்', 'அது வந்து', 'என்ன சொன்னேன்' எல்லாவற்றையும் தள்ளிவிட்டு விஷயத்தை மட்டும் எடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அவள் ஒன்றரை வேகத்துக்குப் போய்விட்டாள். அந்த மென்பொருளில் இன்னொரு வசதியும் இருந்தது. யாரும் பேசாத இடம் வந்தால் அதுவாகவே தாண்டிக் குதித்து அடுத்த பேச்சுக்குப் போய்விடும். அதையும் நிரந்தரமாகப் போட்டுவைத்திருந்தாள். மற்றவர்கள் ஒரு பதிவை முடிப்பதற்குள் அவள் இரண்டை முடித்துவிட்டு நகம் வெட்டிக்கொண்டிருப்பாள். அலுவலகத்தில் அவளுக்குப் புயல் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த அலுவலகத்து ஏசி ஒழுகி அவள் விசைப்பலகையில் சொட்டியதால் வந்தவன்தான் இவன். பழைய குழாய்களை எல்லாம் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சில வாரங்கள் ஏணிமேலேயே குடியிருந்தான். கீழிருந்து அவள் ஏதாவது கேட்டால் ஸ்க்ரூவை வாயில் கவ்வியபடி தலையை மட்டும் ஆட்டுவான். கூச்ச சுபாவம் என்று அவள் முடிவு கட்டினாள். அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. கடைசி நாளில் ஏணியை மடக்கிக்கொண்டே போன் நம்பர் கேட்டான். பழகி, அதிகம் பேச்சில்லாமல் சினிமாவுக்குப் போய், கையைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று இருவரும் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவனுக்கு வெளிநாட்டில் ஒரு மீன் குளிர்கிடங்கில் வேலை கிடைத்துவிட்டது. கொஞ்ச நாளில் அவளுடைய அலுவலகமும் இடத்தைக் காலி செய்தது. ஆளுக்கொரு கணினியையும் மிதியையும் கொடுத்து வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் வீட்டில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்து அவள் அலுவலகமாயிற்று.

முதலில் வீடியோவில்தான் பேசினார்கள். பேசினார்கள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லலாம். பாதி நேரம் "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்பதிலேயே போயிற்று. அவளுக்கு ஓய்வு கிடைக்கும்போது அவன் தூங்குவான்; அவனுக்கு ஓய்வு கிடைக்கும்போது அவள் காதில் யாரோ ஒரு டாக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் அம்மாவின் நினைவு வந்து அவள் அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். அப்போது பார்த்து அவன் படம் உறைந்துபோயிற்று. பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி உறைந்த படம். அழுது முடிக்கும்வரை அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அவன்மேல் தப்பில்லை என்று தெரிந்தும் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு வீடியோவே வேண்டாம், குரல் பதிந்து அனுப்பிக்கொள்ளலாம், யாருக்கு எப்போது முடிகிறதோ அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

அவனுடைய பதிவுகள் நீளமாக வந்தன. அவள் காலையில் கணினியைத் திறந்ததும் அதை எடுத்து, டாக்டர்களின் பதிவைப் போடும் அதே மென்பொருளில் போடுவாள். வேண்டுமென்று செய்ததில்லை. அவளுக்குக் கேட்பது என்றால் அதுதான். அந்தக் குரலில் அவன் வேறு ஆளாக இருந்தான். சுறுசுறுப்பாக, ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தாவுகிறவனாக, எதைச் சொன்னாலும் குரலில் சிரிப்பைக் காட்டாமல் சொல்கிறவனாக இருந்தான். மேனேஜரின் விவாகரத்து, மீன் பெட்டி, அவள்மேல் உள்ள ஆசை, குழாயில் உடைந்த வால்வு எல்லாம் மூச்சு விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சந்துக்குள் உட்கார்ந்து அவள் தனியாகச் சிரிப்பாள். அண்ணி எட்டிப் பார்த்து, "டாக்டருங்க இவ்வளவு தமாஷாவா பேசறாங்க?" என்பாள். அந்த ஆளை அவளுக்கு உயிராகப் பிடித்திருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

இப்போது விடுமுறையில் வந்திருப்பவன் வேறு ஒருவன். முதல் நாள் பயணக் களைப்பு என்று நினைத்தாள். இரண்டாம் நாள், வெகுநாள் கழித்துப் பார்த்த கூச்சம் என்று நினைத்தாள். சேர்ந்து நடந்தார்கள், கடைக்குப் போனார்கள், ஒரு சினிமா பார்த்தார்கள். அவன் ஒரு வாக்கியத்தை எடுத்தால் அது எப்போது இறங்கும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் மீதியை அவளே முடித்துவைத்தாள். பெரும்பாலும் தப்பாக முடித்தாள். "இல்ல... நான் சொல்ல வந்தது..." என்று அவன் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவான். பதிவுகளில் எல்லாம் வா போ என்று உரிமையாகப் பேசியவளுக்கு நேரில் பார்த்தால் வாய் தானாக 'நீங்க' என்றது. கல்யாணத்துக்குப் பேச வந்த புதுமாப்பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசினாள். கூடவே தன்மேலேயே எரிச்சலும் வந்தது. ஆள் நல்ல ஆள், ஒரு குறை சொல்வதற்கில்லை, ஒருவன் நிதானமாகப் பேசுகிறான் என்பதற்காகவா ஒருத்தி முகத்தைச் சுளிப்பாள்?

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அக்கா இவர்கள் கல்யாணத்தைப் பேச வருவதாக இருந்தது. அதற்குள் அவள் தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சரி என்றால் வேலையை விட்டுவிட்டு அவனோடு போக வேண்டும். கம்பெனி குடியிருப்பில் ஒரே அறை. சுற்றிலும் யாருக்கும் அவள் மொழி தெரியாது. பேச, சண்டை போட, சும்மா நாலு வார்த்தை கேட்க இவன் ஒருவன்தான் இருப்பான்.

"என்ன சொல்லப்போற?" என்று அண்ணி சமையலறையில் மடக்கினாள்.

"தெரியல அண்ணி. மனுஷர் நல்லவர்தான்."

"நல்லவர்னு நானே சொல்லுவேனே, அதுக்கு நீ எதுக்கு?"

"அண்ணி, அண்ணன் பேசறப்ப உங்களுக்கு... எப்படா முடிப்பாருன்னு தோணுமா?"

அண்ணி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்கண்ணன் பேச ஆரம்பிச்சா நான் கத்தியை எடுத்துப்பேன். குத்தறதுக்கில்ல, காய் நறுக்க. அவர் முடிக்கறப்ப குழம்புக்கு ரெடியா இருக்கும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஆனா எனக்குக் காய் நறுக்கவாவது ஒரு வீடு, பேச ஒரு அக்கம்பக்கம் எல்லாம் இங்க இருக்கு. நீ யோசிச்சுக்கோ" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டு ஏசி வழக்கம்போல் கடகடத்தது. அந்தச் சத்தத்துக்கு வீட்டில் எல்லாரும் பழகியிருந்தார்கள். அவனால் சகிக்க முடியவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "வெளி யூனிட் எங்க இருக்கு?" என்று கேட்டான். அண்ணன் வெட்கப்பட்டு, "விருந்தாளியா வந்துட்டு இதெல்லாம் எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே ஏசியை அணைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரையும் எண்ணெயையும் தேடி எடுத்துக் கொடுத்தான். மொட்டைமாடிக்கு அவளும் பின்னாலேயே போனாள்.

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அந்தப் பெட்டி இருந்தது. அவன் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து மூடியைக் கழற்ற ஆரம்பித்தான். ஒவ்வொரு ஸ்க்ரூவாக எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். துருப்பிடித்த ஒன்று வர மறுத்தது. அவன் அதோடு மல்லுக்கட்டவில்லை. கொஞ்சம் எண்ணெய் விட்டுவிட்டுக் காத்திருந்தான். இந்த வேலைக்கு இந்த வேகம்தான் சரி என்று அவளுக்குத் தோன்றியது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்னறையில் மூச்சு முட்டியதுபோல் இங்கே முட்டவில்லை. அதனாலோ என்னவோ, ஒரு வாரமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"நீ அனுப்பினதெல்லாம் நான் வேகமா ஓட விட்டுத்தான் கேட்டேன்."

நேரில் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க" என்றான். "எங்க மேனேஜர் கூட..."

"அது இல்ல. எங்க ஆபீஸ் சாஃப்ட்வேர்ல போட்டுக் கேட்டேன். அதுல பேசாம இருக்கற இடம் எதுவும் வராது. அதுவே வெட்டிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிடும்."

ஸ்க்ரூடிரைவர் நின்றது. "எல்லாமா?"

"எல்லாமே. முதல்லேருந்து."

அவன் கையைத் துணியில் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"அப்ப... நீ பேசற இடம்?"

"நான் பேசற இடமா?"

"நான் ஒண்ணு கேட்டுட்டு... கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். அது உனக்கு விட்டது." அவன் கழற்றிய மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கிடங்குக்கு வெளியே ஒரு படிக்கட்டு இருக்கு. அங்க உட்கார்ந்துதான் பதிவேன். நீ எதிர்ல இருக்கற மாதிரி நினைச்சுக்குவேன். கேப்பேன். நீ சொல்லி முடிச்சாச்சுன்னு தோணினதும்... அடுத்தது பேசுவேன். நீ அனுப்பற பதில்ல நான் கேட்டதுக்கு எதுவும் இருக்காது. அப்பவும், நீ அங்கேயே சொல்லியிருப்ப, எனக்குத்தான் கேக்கலைன்னு நினைச்சுப்பேன்."

"என்ன கேட்ட?" என்றாள்.

"நெறைய. சாப்பிட்டியா, தலைவலி போச்சா... இங்க வந்தா உனக்கு என்னைத் தவிர யாரும் இருக்க மாட்டாங்க, அது உனக்கு முடியுமான்னு... அதை ரொம்ப தடவை கேட்டேன்."

அது அவளுக்கு ஞாபகம் இருந்தது. என்னைத் தவிர யாரும் இருக்க மாட்டாங்க, முடியுமா, இன்னிக்கு ஒரு மீன் பெட்டி கவுந்துடுச்சு. அப்படி ஒரே மூச்சில்தான் அவள் காதில் விழுந்தது. எவ்வளவு பெரிய விஷயத்தையும் எப்படித் தூசுமாதிரி தட்டிவிட்டுப் போகிறான் பார் என்று நினைத்திருக்கிறாள். அவன் பேச்சில் அவளுக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான்.

"நான் சிரிச்சேன்" என்றாள். "நீ அதைக் கேட்டப்பல்லாம் சிரிச்சேன்."

"சிரிச்சியா?"

"ம்."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. எண்ணெய் விட்ட ஸ்க்ரூவை மெதுவாகத் திருகினான். அது இப்போது வந்துவிட்டது. அதையும் அவள் கையில் வைத்தான். வைத்த விரல்கள் ஒரு கணம் அங்கேயே இருந்தன, பிறகு விலகின. இரண்டு வருஷமாக ஒருத்தன் படிக்கட்டில் உட்கார்ந்து காற்றோடு பேசிவிட்டு அவளுக்காக வாயை மூடிக்கொண்டு காத்திருந்திருக்கிறான், அந்த நேரத்தையெல்லாம் அவள் ஒரு பொத்தானால் வெட்டி எறிந்திருக்கிறாள். அவமானமாக இருந்தது. அதே சமயம், இதற்காகப் பரிதாபப்பட்டு எதையும் சொல்லிவிடக் கூடாது என்று உள்ளே ஒரு குரல் கறாராகச் சொன்னது. பரிதாபத்தை வைத்துக்கொண்டு அந்த ஒற்றை அறையில் எத்தனை நாள் இருக்க முடியும்?

கீழேயிருந்து அண்ணி, "டீ ஆறிப்போச்சு, வேற போடவா?" என்று குரல் கொடுத்தாள்.

"இப்ப கேக்கறேன்" என்றான் அவன். "அங்க உனக்கு... என்னைத் தவிர யாரும் இருக்க மாட்டாங்க. வர்றியா?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் சொல்லைத் தேடி மேலே பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை, காத்திருந்தான், அவ்வளவுதான். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தெருவில் யாரோ ஒரு வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அவனுடைய மூச்சுகூடக் கேட்டது. ஒரு வாரமாக எப்போது முடியும் எப்போது முடியும் என்று தவித்தவளுக்கு, இது இன்னும் கொஞ்சம் நீண்டால் தேவலை என்றிருந்தது. இது முடிகிற இடத்தில் அவள்தான் பேச வேண்டும்.

காற்று அடித்தது. மூடியில்லாத பெட்டிக்குள் விசிறி தானாகச் சுற்றிக் கடகடக்க ஆரம்பித்தது. அவன் கையை நீட்டி, ஒரு விரலால் அதை நிறுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டான்.