சுவரில் ஆள் இருக்கு

மயிலாத்தா கயிற்றைப் பிடித்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. கயிற்றின் மறுமுனையில் ஒருவர் சுவரேறிக்கொண்டிருக்கிறார். இன்னும் உச்சிக்குப் போய்ச் சேரவில்லை.

இதில் வாயைப் பிளக்க ஒன்றும் இல்லை. ஏறுசுவர் என்றால் ஒருத்தர் ஏறுவார், ஒருத்தர் கீழே நின்று கயிறு பிடிப்பார். ஏறுகிறவர் இடுப்பிலிருந்து கயிறு உச்சிக்குப் போய், அங்கே ஒரு கப்பியில் புரண்டு, கீழே நிற்பவர் கைக்கு வரும். அவர் ஒரு முழம் ஏறினால் இவர் ஒரு முழம் இழுத்துக்கொள்ள வேண்டும். இவர் விட்டால் அவர் விழுவார். வேலை அவ்வளவுதான்.

சுவர் இருப்பது மூடிப்போன ஒரு நூல் மில்லின் பஞ்சுக் குடோனுக்குள். நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் ஷிப்ட் முடிந்த தொழிலாளர்கள் கூடிக் கட்டியது. பிடித்து ஏற நொய்யல் ஆற்றுக் கற்களைப் பதித்தார்கள். கல் தீர்ந்ததும் நூல் சுற்றுகிற பாபின்களில் உடைந்ததையெல்லாம் பதித்தார்கள். ஓர் இடத்தில் மேனேஜர் மேஜை டிராயரின் பித்தளைக் கைப்பிடி இருக்கிறது. அதைப் பிடித்து ஏறாதவர் அந்த மில்லில் இல்லை.

உயரம் நாற்பது அடி. அது காகிதத்தில். மேலே இருக்கிறவர் ஏற ஏறச் சுவரும் ஏறியது, கூரையும் கூடவே போனது. வெளியே நின்று பார்த்தால் குடோன் பழைய உயரம்தான். உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

கயிறு பிடிக்கிற உத்தியோகம் உண்மையில் அவள் புருஷன் திருமூர்த்தியுடையது. கல்யாணமாகி நாலு மாசம். ஒரு மத்தியானம் அவனுக்குத் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்தாள். "அம்மிணி, சித்தெ இதப் பிடி. ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றேன்" என்று கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். கட்டின பெண்டாட்டி வெயிலில் சோறு தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள், இவனுக்கு டீ கேட்கிறது! சொல்கிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

எப்படிச் சாப்பிட்டாள், எப்படிக் குளித்தாள் என்று கேட்பீர்கள். எல்லாரையும் போலத்தான். ஒரு கையால்.

சுவருக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பலகை உண்டு. ஒரு இழுப்பு என்றால் ஏறுகிறேன். இரண்டு என்றால் இளைப்பாறுகிறேன். மூன்று என்றால் இறக்கு. கடைசியில் சிவப்பு மையில், ஆள் தரைக்கு வரும்வரை கயிற்றை விடக் கூடாது என்று போட்டிருக்கும். அவள் படித்தாள். பிடித்தாள். பத்தொன்பது வருஷத்தில் ஒன்று வந்தது, இரண்டு வந்தது. மூன்று வந்ததே இல்லை. இழுத்துச் சேர்த்த கயிறு மலையாகக் குவிந்து, குடோனை நிறைத்து, ஜன்னல் வழியாகப் பக்கத்துக் குடோனுக்கும் போயிருந்தது.

மேலே இருக்கிறவரின் முகத்தை அவள் பார்த்தது கிடையாது. ரிஜிஸ்டரில் ஞானப்பிரகாசம் என்று பெயர் இருந்தது. மழை நாளில் மெதுவாக ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை இளைப்பாறுவார். புருஷனோடு அவள் வாழ்ந்தது நாலு மாசம், இவரோடு பத்தொன்பது வருஷம். தப்பாகப் பேசுகிறவர்கள் பேசிவிட்டுப் போகட்டும், அவளுக்கு அந்த மனுஷன் மேல் பிரியம் இருந்தது.

சுவரை இடிக்கப் போவதாகப் போன மாசம் நோட்டீஸ் வந்தது. மயிலாத்தா இடது கையால் புராதனப் பிரிவுக்கு மனு எழுதினாள். பதில் உடனே வந்தது. புராதனம் என்றால் நூறு வயது நிரம்ப வேண்டும், தங்கள் சுவருக்கு நாற்பத்து மூன்றுதான், ஐம்பத்தேழு வருஷம் கழித்து நேரில் வரவும். அதுவரை சுவர் இருக்குமா என்று திருப்பி எழுதினாள். அது வேறு பிரிவு என்றார்கள்.

வேறு பிரிவு இன்று காலை வந்தது. அவளால் ஆபீசுக்குப் போக முடியாது என்பதால் ஆபீஸ் வராண்டா நீண்டுகொண்டே வந்து குடோன் வாசலைத் தொட்டது. வழியில் இரண்டு தெருவைத் தாண்டியிருக்க வேண்டும், வராண்டாத் தரையில் யாரோ போட்ட கோலம் இருந்தது. அதன் வழியாகக் காலிச்சுவர் அகற்றும் பிரிவு அலுவலர் புனிதவல்லி நடந்து வந்தார். பின்னால் ப்யூன் நஞ்சப்பன் வந்தார். வெளியே பொக்லைன் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது.

"வணக்கம்மா. நாலு மணிக்கு இடிக்கிறோம். அதுக்கு முன்னாடி ஆட்சேபணை ஏதாச்சும் இருக்கா?"

"இருக்குதுங் மேடம். சுவத்துல ஆள் இருக்கு."

புனிதவல்லி நல்ல அம்மாள். மறுத்துப் பேசவில்லை, கையிலிருந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "கரெக்ட். ஆள் இருக்கிற சுவரை இடிக்கக் கூடாது. நாங்க காலிச்சுவர் மட்டுந்தான். ஆள் இருக்கிறதுக்கு என்ன அத்தாட்சி?"

"கயித்தை இழுப்பாருங்."

"இழுக்கச் சொல்லுங்க."

மயிலாத்தா கயிற்றைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தாள். காரணம் இருக்கிறது. கயிறு மூன்று நாளாக ஆடவில்லை. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. கனம் இருந்தது. ஆனால் கனம் அத்தனை நீளக் கயிற்றின் கனமாகக்கூட இருக்கலாம். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று நாளாகத் தூங்கவும் இல்லை.

"இழுப்பாருங். நாலு மணிக்குள்ள இழுப்பாரு."

"சரி, காத்திருக்கோம்" என்று புனிதவல்லி கயிற்றுக் குவியல் மேல் உட்கார்ந்தார். "நஞ்சப்பன், டைம் என்ன?"

அந்த ஆபீசில் கடிகாரம் கிடையாது. நஞ்சப்பன்தான் கடிகாரம். மீசையின் பெரிய முனை நிமிஷத்தைக் காட்டும், சின்ன முனை மணியைக் காட்டும். அவர் முகத்தைத் திருப்பிக் காட்டினார். பதினொன்றேகால்.

பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. கயிறு ஆடவில்லை. மயிலாத்தா ஒவ்வொரு தெய்வமாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். "சாமி, ஒரே ஒரு இழுப்பு. அப்புறம் நீங்க எத்தன வருஷம் வேணா இளைப்பாறுங்க, நான் கேக்கமாட்டேன்." இது சாமிக்கா மேலே இருக்கிறவருக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

"மேல கூப்பிட்டுப் பாக்கலாமேம்மா" என்றார் புனிதவல்லி.

"சத்தம் போயிச் சேராதுங். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் தும்முனதே இன்னும் போயிட்டிருக்கு."

மூன்று மணிக்கு வராண்டாவில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒருத்தன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான். திருமூர்த்தி. அதே கோடு போட்ட சட்டை. அதே இருபத்தெட்டு வயது. மூச்சில் டீ வாசம் கூடப் போகவில்லை. மயிலாத்தாவுக்கு நாற்பத்து மூன்று. கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "ஏனுங்கக்கா, இங்க என்ர சம்சாரம் நின்னுட்டிருந்தா. எங்கீங்க அவ?"

அக்கா! கேட்டீர்களா அநியாயத்தை? அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வருவா."

"சோறு கொண்டாந்திருந்தா. திங்காமப் போயிட்டேன். கோவமா இருப்பாளோ?"

"கோவந்தான்."

புனிதவல்லி குவியலை விட்டு எழுந்தார். முகம் பிரகாசமாகிவிட்டது. "நீங்கதான் திருமூர்த்தியா? ரிஜிஸ்டர்ல கயிறு பிடிக்கிறவர்னு உங்க பேர்தான் இருக்கு. இந்தம்மா பேர் எங்கயும் இல்ல. ஆள் இறங்கியாச்சுன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், வேலை முடிஞ்சுது."

"இறங்கிட்டாருங்களா?"

"அதைத்தான் நீங்க எழுதித் தரணும்."

"தந்தர்லாமுங்" என்றான் திருமூர்த்தி. அவன் சுபாவமே அப்படி. யார் என்ன கேட்டாலும் முகம் கோணாமல் தலையாட்டுவான். தாலி கட்டும்போதும் அப்படித்தான் ஆட்டியிருப்பான் என்று மயிலாத்தாவுக்கு இப்போது தோன்றியது.

"அவரு இறங்குலீங்!" என்று கத்தினாள். "மேலதான் இருக்கறாரு. கயிறு என்ர கையில இருக்குது, நான் சொல்றேன். ரிஜிஸ்டர் சொல்லுமா?"

"ரிஜிஸ்டர்தாம்மா சொல்லும்" என்றார் புனிதவல்லி, ரொம்ப வருத்தமாக. "ஆனா நாலு மணி வரைக்கும் டைம் குடுத்திருக்கேன். சொன்னா சொன்னதுதான்."

மூன்றேமுக்கால். வெளியே பொக்லைன் குடோனுக்கு நேராகத் திரும்பிக்கொண்டது. அதன் அதிர்வில் சுவரிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து நஞ்சப்பன் மூக்கில் போனது. அவர் தும்மினார். மீசையின் பெரிய முனை ஒரு துள்ளுத் துள்ளி ஐந்தைம்பத்தைந்து... இல்லை, மூன்றைம்பத்தைந்தில் போய் நின்றது. எனக்கே பதற்றத்தில் மணி குழம்புகிறது.

"பத்து நிமிஷம் போச்சுங்களே! அது தும்மல்தானுங்களே!"

"அவர் காட்டுறதுதாம்மா டைம்."

புனிதவல்லி நீட்டிய கையெழுத்துப் பாரத்தைத் திருமூர்த்தி சுவரோடு சேர்த்து வைத்துப் பேனாவை உதறினான்.

மயிலாத்தா அப்போதுதான் அதைச் செய்தாள். திருட்டுத்தனம்தான், நான் மறைக்கவில்லை. எல்லாரும் பேனாவைப் பார்த்த நேரம், முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு, தானே கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தாள். இழுத்துவிட்டு, "ஆடுச்சு! பாருங்க, ஆடுச்சு!" என்றாள்.

கயிறு ஆடத்தான் செய்தது. புனிதவல்லி அதைப் பார்த்தார். அவள் முந்தானையையும் பார்த்தார்.

"ஏம்மா, இது நீங்க இழுத்தது."

அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் பொய் சொன்னால் இப்படித்தான், முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வாள்.

"ஆமாங். நாந்தான் இழுத்தேன்." அழுகை முட்டியது. "மூணு நாளா அவரு இழுக்குலீங். என்ன ஆச்சோ தெரியுல. ஆனா நான் விடமாட்டேன். என்னையும் சேத்து இடிச்சுக்குங்க."

"நீங்க நிக்கிறது தரையிலம்மா. தரைக்கு அந்த ரூல் கிடையாது." புனிதவல்லி பாரத்தில் விரலை வைத்துக் காட்டினார். "இங்கதாங்க, சார்."

திருமூர்த்தி எழுத ஆரம்பித்தான். அவன் எழுத்து அழகான எழுத்து, அதனால் மெதுவான எழுத்து. திரு என்று எழுதி நிறுத்தி, மையை ஊதினான். மீசையின் சின்ன முனை மூக்குக்குக் கீழே புகுந்து மறுபக்கம் நாலை நெருங்கியது.

அவள் இழுத்த இழுப்பு அந்நேரம் மேலே போய்க்கொண்டிருந்தது. நீளமான கயிறு, போய்ச் சேர வேண்டாமா? பத்தொன்பது வருஷத்தில் கீழேயிருந்து மேலே போன முதல் இழுப்பு அது. கீழே நிற்பவர் இழுக்கலாம் என்று பலகையில் போட்டிருக்கவில்லை. அதனால் அவள் இழுத்ததே இல்லை. கீழே யாராவது இருக்கிறார்களா என்று மேலே இருக்கிறவருக்கும் யாரும் சொன்னதே இல்லை.

திருமூர்த்தி மூ வரைக்கும் வந்திருந்தான்.

கயிறு இழுபட்டது.

மயிலாத்தா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட நினைத்தாள். ஒரு கையைத்தான் தூக்க முடிந்தது. "மேடம்!"

"பாத்தேன். ஒண்ணு."

மறுபடி இழுபட்டது. "ரெண்டு" என்றார் புனிதவல்லி. பேனா நின்றது. பொக்லைன்காரன் என்ன விஷயம் என்று என்ஜினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். நஞ்சப்பன் அடுத்த தும்மலை மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டார், அந்த உபகாரத்தை மறக்கக் கூடாது.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, நாலாக ஒரு மயிரிழை இருக்கும்போது, கயிறு மூன்றாம் தடவை இழுபட்டது.

மயிலாத்தா பலகையைப் படிக்கவில்லை. மனப்பாடம். மேலே பார்த்தபடியே சொன்னாள். "இறக்கச் சொல்றாருங். யாரோ இருக்கறாங்கன்னு தெரிஞ்சுருச்சு அவருக்கு. அதான் இறக்கச் சொல்றாரு."

புனிதவல்லி புத்தகத்தைப் புரட்டினார். "இறங்கிக்கிட்டிருக்கிற ஆளும் ஆள்தான். ஏற எவ்வளவு நாள் ஆச்சு?"

"பத்தொம்பது வருஷமுங்."

"இறக்க?"

மயிலாத்தா கயிற்று மலையைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். "அவ்வளவும் விட்டாகோணுமுங்."

புனிதவல்லி எழுதினார். சுவர் காலியில்லை. மறு ஆய்வு, பத்தொன்பது வருஷம் கழித்து, மாலை நாலு மணி. கீழே முத்திரை குத்தினார். நஞ்சப்பன் இப்போது நிம்மதியாகத் தும்மினார். இரண்டு பேரும் நடக்க நடக்க வராண்டா அவர்கள் பின்னாலேயே சுருண்டு போனது. பொக்லைன் பின்பக்கமாகவே கிளம்பிப் போனது.

திருமூர்த்தி மட்டும் நின்றான். பாதி எழுதிய பேரைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு, கையை நீட்டினான். "குடுங்கக்கா. இனி நான் பாத்துக்கறேன். நீங்க நிக்கறதப் பாத்தா கால் வலிக்கறாப்ல இருக்கு."

கால் வலிக்கத்தான் செய்தது. வாசலுக்கு வெளியே வெயில் இருந்தது, டீக்கடை இருந்தது, ஒரு பஸ் ஆளை ஏற்றிக்கொண்டிருந்தது. அவள் அதையெல்லாம் பார்த்தாள். ஆசையாக இருந்தது. கணக்கும் போட்டாள். இறக்கி முடிக்கும்போது அவளுக்கு அறுபத்திரண்டு ஆகியிருக்கும்.

"டீ குடிச்சாச்சா?"

"ஆச்சுங்."

"போயி இன்னொண்ணு குடி."

அவன் தலையை ஆட்டினான். போகத் திரும்பியவன் மூலையில் தூக்குப்போசியைப் பார்த்துவிட்டான். போய் மூடியைத் தொட்டான், சுட்டுக்கொண்டு கையை உதறினான்.

"இது என்ர சோறுங்களே, அக்கா."

"வெச்சுரு. அவரு வந்தாப் பசிக்கும்."

"என்ர சம்சாரம் எனக்குக் கொண்டாந்ததுங்."

"ஆறிப்போச்சு."

"சூடா இருக்குதுங்களே!"

"உனக்கு ஆறிப்போச்சு" என்றாள் மயிலாத்தா. கயிற்றை ஒரு தடவை இழுத்து, இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, முதல் முழத்தை விட்டாள்.