பச்சைக் கொடிக்கு முன் ஒரு வாக்கியம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குப்பண்ணனின் இடது கண்ணிலிருந்து வந்தது. இதைவிட நாசூக்காகத் தொடங்க மூன்று தடவை முயன்றேன், முடியவில்லை.

முதல் தொடக்கம்: 'மழை விட்ட காலையில் வாளையாறு மலை இரண்டு வரப்பு தள்ளி வந்து நின்றது.' நல்ல வாக்கியம்தான். எனக்கு ரொம்பப் பிடித்த வாக்கியம். ஆனால் வேண்டாம். ஏன் வேண்டாம் என்று பிறகு சொல்கிறேன். சொல்லாமல் நழுவப் பார்த்தால் சட்டையைப் பிடித்துக் கேளுங்கள்.

இரண்டாவது: 'இரும்புத் தகட்டில் சுட்டுப் பழகுவோர் கவனிக்க வேண்டியவை பின்வருமாறு.' இது கதையா, பஞ்சாயத்து நோட்டீஸா?

மூன்றாவது: 'குப்பண்ணனுக்குப் பன்றி என்ற பேச்சை எடுத்தாலே மீசை' (இங்கே நிறுத்திவிட்டேன். அவரை வைத்துச் சிரிப்புக் காட்டப் பார்க்கிறேன் என்று தெரிந்தது. எனக்கே கூச்சமாகப் போய்விட்டது.)

2

விஷயத்துக்கு வருகிறேன். எலப்புள்ளிப் பக்கம் காட்டுப்பன்றி இறங்கினால் கடலைக்காடு ஒரே ராத்திரியில் உழுத காடாகிவிடும். பன்றியைச் சுட லைசென்ஸ் துப்பாக்கிக்காரர்களின் பட்டியல் ஒன்று பஞ்சாயத்தில் உண்டு. அதில் குப்பண்ணன் பெயர் இருக்கிறது. பட்டியலில் உள்ள ஏழெட்டுப் பேர் சேர்ந்து, செங்கல் சூளைக்கு மண்ணெடுத்த குழியில் ஓர் இரும்புத் தகட்டைக் குறியாக மாட்டி, ஞாயிற்றுக்கிழமைதோறும் சுட்டுப் பழகினோம். இந்தப் பயிற்சிக் குழுவுக்கு நான் செயலாளர். "கௌசிக்தான் கதையெல்லாம் எழுதறானல்ல, நோட்டையும் அவனே எழுதட்டும்" என்று ஒருமனதாகத் தலையில் கட்டினார்கள்.

சொல்லிக்கொடுக்க சிலுவைராஜ் வந்தார். மூணாறு எஸ்டேட்டில் பிறந்தவர், பட்டாளத்தில் இருபது வருஷம். அவர் சொன்னதை வரி மாறாமல் நோட்டில் எழுதியிருக்கிறேன்:

"தகடு வழுவழுன்னு இருந்தா, குண்டு பட்டதும் தூளாகி ஓரமா செதறிரும். கொஞ்சம் முன்னால சாச்சு மாட்டிட்டா, அந்தத் தூளு மண்ணுக்குள்ள போயிரும். ஆனா தகட்டுல குழி விழுந்துருச்சுன்னா, அது குண்டத் திருப்பி ஒங்க மொகத்துக்கே அனுப்பும். நகத்த வச்சு இழுத்துப் பாருங்க. நகம் தட்டுச்சுன்னா தகட்டத் தூக்கிப் போட்டுருங்க. அதுல பேச்சே இல்ல."

பிறகு பாதுகாப்புக் கண்ணாடி. எல்லோரும் போட வேண்டும். சுடுகிறவர், நிற்பவர், வேடிக்கை பார்க்கிறவர், எல்லோரும். "கொடிக்காரரு அத்தன பேரு கண்ணையும் பாத்துட்டுத்தான் பச்ச காட்டணும்." கொடிக்காரர் யார் என்று கேட்காதீர்கள். செயலாளர்தான்.

3

ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிகளோடு தகட்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துச் செவ்வந்தி மாலை போட்டோம். அடுத்த வாரமே அதில் என் நகம் தட்டியது. கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு குழி.

"சந்தனம் வெச்ச தகட்ட எப்படிங்க பழைய இரும்புக்குப் போடறது?" என்றார் குப்பண்ணன். நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் இரும்பை யாரும் எறிவதில்லை. சாமி கும்பிட்ட இரும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்போது, வெல்டிங் வைத்துக் குழியை அடைத்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள்.

(இந்த 'யாரோ'வுக்கு ஒரு பெயர் வைத்துப் பார்த்தேன். செபாஸ்டின், காந்தலூர்க்காரர், சொந்தமாகப் பட்டறை, கொஞ்சம் அவசரபுத்தி. இரண்டு பக்கம் பிரமாதமாக வந்தது. அவர் பேசப் பேச எனக்கு மனசு லேசானது. அங்கேதான் சந்தேகம் வந்தது. கதை எழுதி எனக்கு எப்போது மனசு லேசாகியிருக்கிறது?)

செபாஸ்டினைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். சொன்னவன் நான்தான்.

"கலப்பைக் கொழு தேஞ்சா வெல்டு வெச்சு ஓட்டறதில்லீங்களா? அந்த மாதிரித்தானுங்க இதும்" என்றேன். எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. கொழு மண்ணைக் கீறுகிறது, மண் திருப்பிச் சுடுவதில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வெல்டிங் வைத்தார்கள், அரத்தால் ராவினார்கள், வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். பெயின்டின் மேல் நகத்தை இழுத்துப் பார்த்தேன், தட்டவில்லை. பெயின்ட் உரிந்தபின் பார்க்கவே இல்லை.

4

அந்த ஞாயிறு மழை விட்டிருந்தது. புழுக்கம். குப்பண்ணனின் கண்ணாடியில் ஆவி படிந்தது. நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார். இறக்க மறந்துவிட்டார். துப்பாக்கியை எடுத்து, "ஆகட்டுங்களா?" என்றார்.

என் ஒரு கையில் கொடி. மடியில் நோட்டு. ஒரு வாக்கியம் வந்துகொண்டிருந்தது. மழை விட்ட காலையில் வாளையாறு மலை இரண்டு வரப்பு தள்ளி வந்து...

தலையைத் தூக்காமல் பச்சையைக் காட்டினேன். 'நின்றது' என்று எழுதி முடிக்கும்போது சத்தம் கேட்டது.

குப்பண்ணன் உட்கார்ந்துவிட்டார். ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, "தகட்டுல பட்டுதா தம்பி?" என்று கேட்டார். பட்டது. வெல்டிங் வைத்த இடத்திலேயே பட்டது, அங்கிருந்து ஒரு சில்லு திரும்பி வந்திருந்தது.

5

ஸ்டேஷனில் மொழி கேட்டார்கள், மலையாளத்தில் வாக்குமூலத்துக்கு அதுதான் பெயர். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பயிற்சிக் குழுவினர் ஒரு வரி தயார் செய்து கொடுத்தார்கள்: 'சுட்டவர் கண்ணாடியைக் கண்ணில் அணிந்திருக்கவில்லை.' இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் அதன் அயோக்கியத்தனம். அந்த வரி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தால் குப்பண்ணனின் லைசென்ஸும் போகும், பழியும் அவர் தலையில் விடியும்.

கையெழுத்துப் போடாமல் கதை எழுத உட்கார்ந்தேன். முடிவு அ: சில்லு கண்ணாடி விளிம்பில் பட்டுத் தெறிக்கிறது, எல்லோரும் டீ குடிக்கிறார்கள். முடிவு ஆ: நான் தலையைத் தூக்கி, "அண்ணா, கண்ணாடி!" என்று கத்துகிறேன்.

ஆ-வை எழுதிவிட்டு அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் குப்பண்ணனின் மனைவி மருதாத்தாளிடம் இரண்டையும் படித்துக் காட்டினேன். பைத்தியக்காரத்தனம்தான். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நீங்க நெசமா எங்க பாத்துட்டிருந்தீங்க தம்பி?"

"நோட்டைங்க்கா. மலையப் பத்தி எழுதிட்டிருந்தனுங்க."

என் கையிலிருந்த தாள்களை வாங்கி மடித்தார். பிறகு சொன்னார்: "கதைல வேணும்னா அவருக்கு ரெண்டு கண்ணையும் குடுங்க, நான் வேண்டாங்கல. ஸ்டேசன்ல குடுக்கற கடுதாசில நடந்தத எழுதுங்க. மனுசன் எல்லாந் தன்னோட தப்புன்னே செவுத்தப் பாத்துக் கெடக்கறாருங்க."

6

எழுதினேன். வெல்டிங் வைக்கச் சொன்னவன் நான். நோட்டில் எழுதிக்கொண்டே, கண்களைப் பார்க்காமல் பச்சை காட்டியவன் நான். ஸ்டேஷனுக்குப் போகும் முன் குப்பண்ணனின் கட்டிலருகே நின்று அதைப் படித்தேன். முதல் தடவையாகச் சுவரிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு என்ன எழுதிட்டிருந்தே? படி."

படித்தேன். மழை, மலை, இரண்டு வரப்பு, நின்றது.

அடுத்த வரிக்காகக் காத்திருந்தார். அடுத்த வரி இல்லை.

"இவ்வளவுதானா?" என்றார்.

மொழியைக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை குப்பண்ணனின் கண்கட்டை அவிழ்க்கிறார்கள். அதை நான் எழுத மாட்டேன், எனக்கு அந்த யோக்கியதை இல்லை. நீங்கள் எழுதுங்கள். முழுப் பார்வையைக் கொடுங்கள், வெளிச்சம் மட்டும் கொடுங்கள், உங்கள் மனசு. மூன்றாம் பகுதியிலும் நான்காம் பகுதியிலும் மட்டும் கை வைக்காதீர்கள். இன்னொன்று, பேனாவை எடுக்கும் முன் ஒரு தடவை நிமிர்ந்து, எதிரில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.