பன்னிரண்டு அடி ஒழுங்கை

கல்முனைக்குடியில் நஸீமின் வாசலுக்கும் எதிரே அவருடைய தங்கை ஸாலிஹாவின் வாசலுக்கும் நடுவே உள்ள ஒழுங்கை பன்னிரண்டு அடி அகலம். ஊர் ஆடுகள் நாலு எட்டில் கடந்துவிடும். நஸீமுக்கும் ஸாலிஹாவுக்கும் மட்டும் அது இந்த வருசம் மூன்று மைலுக்குக் கொஞ்சம் குறைவு. நாளுக்கு ஒரு முழம் கூடி வந்த தூரம் அது. ஒரு தடவை நஸீம் ஓட்டோவில் ஏறிப் பார்த்தார். ஓட்டோ நொடியில் போய்ச் சேர்ந்தது; பின்சீற்றில் அவர் இல்லை, ஒழுங்கை நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஓட்டோக்காரர் அதற்கும் நூறு ரூபா வாங்கிக்கொண்டார்.

தீர்ப்பு வந்தது 1997இல். சம்மாந்துறைப் பக்கத்தில் உம்மா விட்டுப்போன வயலில் தங்கையின் பங்கையும் நஸீமே செய்தார். குத்தகையை அடுத்த போகம், அடுத்த போகம் என்று ஆறு போகம் இழுத்தார். ஸாலிஹா காப்பை விற்றுச் சட்டத்தரணி பிடித்தாள். குத்தகைக் காசு, அதைக் கட்டித் தீர்க்கும்வரை வட்டி, அவளுடைய வழக்குச் செலவு, மூன்றையும் நஸீம் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பானது. குத்தகைக் காசையும் அன்றுவரைக்குமான வட்டியையும் அதே கிழமை ஸாலிஹாவின் புருசன் ஸப்ரியிடம் கொடுத்தனுப்பினார். வட்டி மாத்திரம் திரும்பி வந்தது.

"காக்காட்ட சொல்லுங்க, வட்டி எனக்கு ஹறாம். என்ட காப்ப வித்த காசத் தந்தாப் போதும்" என்று அண்ணனுக்குச் சொல்லியனுப்பினாள் ஸாலிஹா.

"கோட்டில எழும்பி நிண்டு என்னக் கள்ளன் எண்டவன்ட கூலிய நான் குடுக்கிறதா? வட்டிய எடுக்கச் சொல்லு, அவள்ற தருமம் எனக்கு வேணாம்" என்றார் நஸீம் ஸப்ரியிடம்.

அவள் கேட்டதை அவர் கொடுக்கவில்லை. அவர் கொடுத்ததை அவள் வாங்கவில்லை. இரண்டு பேருமே நியாயவாதிகள், அதுதான் வினை. மறுநாளிலிருந்து ஒழுங்கை நீளத் தொடங்கியது.

2004 மார்கழியில் கடல் ஊருக்குள் வந்த ஞாயிறன்று தூரம் முக்கால் மைலாகியிருந்தது. நஸீம் தங்கையின் பெயரைக் கூப்பிட்டபடி ஓடினார். கால்வாசி தூரம்கூட ஓடவில்லை, தண்ணீர் அவளுடைய வீட்டைத் தாண்டி வந்து அவரையும் அடித்துக்கொண்டுபோய் அவருடைய வாசலிலேயே திரும்பப் போட்டது. ஸாலிஹாவைக் கூரையிலிருந்து இறக்கினார்கள். ஸப்ரியின் உடலை மூன்றாம் நாள் எடுத்தார்கள். மையத்து வீட்டுக்குக் காக்கா வரவில்லை என்று அவள் ஒரு தரம் சொன்னாள், பிறகு சொல்லவில்லை. தூது போக ஆளும் இல்லாமல் போனது.

வருசங்கள் போயின. நஸீமின் மனைவி மௌத்தானாள், மகள் டோஹாவில் குடியேறினாள். ஸாலிஹா வாசல் கூட்டுவது அவருக்குத் தொலைவில் ஒரு புள்ளி அசைவதாகத் தெரிந்தது. அவள் மீன் பொரிக்கும் வாசம் மட்டும் பன்னிரண்டு அடியிலேயே நின்றுவிட்டது. பகல் சோற்றை அவர் அந்த வாசம் வரும் நேரம் பார்த்துத்தான் போட்டுக்கொள்வார். அவர் தனித்துப்போனார், அவளும் தனித்துப்போனாள். அதில் வழக்கு இல்லை.

போன வருசம் நஸீமுக்கு ஹஜ்ஜுக்கு இடம் கிடைத்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாய்ப் போய் மாப்புக் கேட்பது ஊர் வழமை. சாய்ந்தமருது, நாவிதன்வெளி, வரிப்பத்தான்சேனை எல்லாம் போய்க் கேட்டு முடித்தார். மிச்சம் ஒரு வீடுதான்.

விடியச் சுபஹு தொழுதுவிட்டு, வழக்குச் செலவை ஒரு உறையிலும் வட்டியை இன்னொன்றிலும் போட்டுக்கொண்டு இறங்கினார். பார்த்தவர்களுக்கு அவர் ஒழுங்கைக்குள் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தார். சைக்கிள்கள் விலகிப் போயின. பக்கத்து வீட்டு லைலா இரண்டு தரம் தண்ணீர் கொடுத்தாள். எழுபத்திரண்டு வயது, முழங்கால் வேறு சரியில்லை. நடுப்பகல் லுஹருக்குச் சற்று முந்தித் தங்கையின் படலையைப் பிடித்தார்.

"அண்டைக்கி நான் ஓடி வந்தன் தங்கச்சி. தண்ணி முந்திட்டு."

ஸாலிஹா அவருடைய காலில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தாள். அழுதாள். "வந்தீங்களா காக்கா" என்றாள்.

வழக்குச் செலவை எண்ணாமல் வாங்கிக்கொண்டாள். வட்டி உறையைத் தொடவில்லை. "அத பஸ் ஸ்டாண்ட் கக்கூசுக்குக் குடுங்க, நன்மைய எதிர்பாக்காம" என்றாள். எங்கள் ஊரில் வட்டிக்காசுக்கு உள்ள வழி அதுதான், எல்லாருக்கும் தெரிந்ததே. அதை அவள் சொல்லி அவர் கேட்க, நேருக்கு நேர் ஒரு நாள் வேண்டியிருந்தது. நஸீமும் மறுக்கவில்லை.

அன்றோடு ஒழுங்கை நீளுவது நின்றது. நீண்டது குறையவில்லை. ஹஜ்ஜு முடித்து வந்த நஸீம் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடித்த கையோடு புறப்படுகிறார். அவர் புள்ளியாய்த் தெரிந்ததும் ஸாலிஹா வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். முகம் தெரியத் தொடங்கும்போது எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பாள்.