ஒரு வரிக்குள் ஒரு தெரு

சமந்தாவுக்கும் உதயரூபனுக்கும் கலியாணம் நெருங்கியிருந்தது. மட்டக்களப்பில் ஒரு கணினி நிறுவனத்தில் தரவுத்தளம் பார்ப்பவள் அவள். அதனால் அழைப்பிதழில் ஓர் இணையப் பக்கத்தைக் கொடுத்து, வருகிறவர்கள் அதில் பதியும்படி கேட்டிருந்தாள். உதயரூபன் வந்த பதில்களை எண்ணி, தொண்ணூறு பேர்தான் என்று வாவிக்கரையில் சிறிய மண்டபம் ஒன்றைப் பிடித்துவிட்டான்.

ஆனால் ஒரு பதில் ஓர் ஆள் அல்ல, ஒரு வீடு. வீட்டார் எல்லாருடைய பெயரும் சாப்பாட்டு விருப்பமும் ஜேசன் என்ற தரவு வடிவில் ஒரே கட்டத்துக்குள் மடிந்து கிடந்தன. சமையற்காரருக்குக் கணக்குச் சொல்வதற்காகத்தான் சமந்தா அதைப் பிரிக்க உட்கார்ந்தாள். தரவுத்தள மொழியான எஸ்.கியூ.எல்லில் அதற்கென்றே ஓர் அட்டவணைச் சார்பு உண்டு. ஜேசனைக் கொடுத்தால் ஆளுக்கொரு வரியாக விரித்துத் தரும்.

கட்டளையை ஓடவிட்டாள். வரிகள் வந்தன. வந்துகொண்டேயிருந்தன. உதயரூபனின் மாமி புஸ்பம் பனிச்சங்கேணியிலிருந்து அனுப்பிய ஒற்றைப் பதிலில் முழுத் தெருவும் இருந்தது. தோணிக்காரர்கள், அவர்களின் சம்பந்திகள், பெயர் வைக்காத கைக்குழந்தை ஒன்றும்கூட. பயப்பட வேண்டிய இடத்தில் சமந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. உதயரூபனை அழைத்து, ஆளுக்கு மேல் ஆள் இருந்தாலும் மண்டபம் கொள்ளாது என்றாள். அவனும் சிரிக்கத் தொடங்கினான்.

பிறகுதான் கவனித்தாள்: அவள் டடா என்றழைக்கும் அப்பா வோல்ட்டரைக் காணவில்லை. பதில் அனுப்பியிருந்தார், பெயர்களை மட்டும் நிரப்பவில்லை. விரிக்க ஒன்றுமில்லாத அந்த வீட்டைக் கட்டளை உதறிவிட்டிருந்தது. அடுத்த அறையில் சேட்டுக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டாள்.

“என்ட மகள்ட கலியாணத்துக்கு வாறனெண்டு நான் எழுதித் தரவேணுமா?” என்றார் அவர்.

வெறுமையான வீடுகளையும் விடாதபடி இணைப்பை ‘லெஃப்ட் ஜொயின்’ ஆக மாற்றினாள். டடாவின் வரி வந்தது. கூடவே, அவரைப் போலவே நினைத்த இன்னும் சில அங்கிள்மாரும் வந்து சேர்ந்தார்கள். அவள் மேசையில் தலையைச் சாய்த்துக் கண்ணீர் வரச் சிரித்தாள்.

மண்டபத்தைக் கேக் வெட்டுவதற்கு விட்டு, கதிரைகளைப் பக்கத்து வெளியில் போட்டார்கள். கலியாணத்தன்று பஸ்ஸில் வந்து இறங்கிய புஸ்பம் மாமி, சமந்தாவின் கன்னத்தைத் தடவி, “கொஞ்சப் பேரத்தான் கூட்டி வந்தன் புள்ள” என்றாள். பைலா ஆட்டம் தொடங்கியது. ஆடிய வேகத்தில் மாப்பிள்ளையின் ஒரு சப்பாத்து கழன்று வாவிக்குள் விழுந்தது. சமந்தா தன் இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.