இஞ்ஞாசிமுத்து கிடாரின் கழுத்தைக் கழற்றிய கதை

1

இந்தக் கதை என் வீட்டுக் கிணற்று மோட்டாரிலிருந்து வந்தது. போன வாரம் அது உறுமிவிட்டு நின்றுபோக, சின்னமனூரிலிருந்து மெக்கானிக் இஞ்ஞாசிமுத்து வந்தார். மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, மூடியைக் கையில் வைத்தபடி கேட்டார்.

"சார், நீங்க கதை எழுதுறவுகதானே? பேஸ் கிடாருல கழுத்த ஸ்குரூ போட்டு மாட்டுனது நல்லதா, ஒட்டுனது நல்லதா?"

எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பும் ஆளை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடிகிறது? அவரை ஏமாற்ற மனம் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததுதான் இது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'மேற்கு மலைகளின் மடியில், திராட்சைப் பந்தல்களின் நடுவே, சாரல் தூவும் ஒரு…'

[நிறுத்து. இந்தக் கதையில் ஒரு திராட்சைகூடக் கிடையாது.]

'இசை என்பது மௌனத்தின்…'

[இதை முடித்திருந்தால் என் பேனாவை நானே பிடுங்கி எறிந்திருப்பேன்.]

விஷயத்துக்கு வருகிறேன். இஞ்ஞாசிமுத்துவின் மனைவி செலின், கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறாள். வலது கையில் பாட்டு, இடது கையில் பேஸ் என்கிற அடித்த சுரம். பத்து வருடமாக அதே குழுவில் இவருக்கு மைக் ஸ்டாண்டைத் தூக்கி வைக்கும் வேலை. பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டாவது வாசிக்க வேண்டும் என்று ஆசை. இரவல் பேஸ் கிடாரில் ஒன்றரை வருடம் பழகினார். கிடாரின் சொந்தக்காரன் கோயம்புத்தூரில் வேலை கிடைத்து அதையும் எடுத்துப் போய்விட்டான்.

"ஞாயித்துக்கெழம திருவிழாப் பூசையில வாசிக்கணும்னா சொந்தமா ஒண்ணு கொண்டாங்கன்னு ஃபாதர் சொல்லிட்டாக. இல்லாட்டி செலினோட எடது கையே போதுமாம்."

உண்மையான பயம் அதுவல்ல என்பதை மோட்டாரைத் திரும்ப மூடும்போதுதான் சொன்னார். ஒத்திகையில் இவர் ஓர் இடத்தில் தடுமாறினால் போதும், செலினின் இடது கை தானாகக் கீழே இறங்கி பேஸை வாசிக்கத் தொடங்கிவிடும். திட்டமாட்டாள், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். கை மட்டும் வரும்.

"அதத்தான் சார் தாங்க முடியல."

எனக்கும் தாங்கவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

3

தேனியில் ஒரு கடை.* அங்கே இரண்டு பேஸ் கிடார்கள். ஒன்று சிவப்பு, கழுத்தும் உடம்பும் ஒட்டியது, தடவினால் சேர்ந்த இடமே தெரியாது. மற்றது கறுப்பு, முதுகில் நாலு ஸ்குரூ.

சிவப்பின் கம்பியை ஒருமுறை தட்டினார் இஞ்ஞாசிமுத்து. அது நின்று நிதானமாக ஒலித்தது. மனசு அங்கேயே விழுந்துவிட்டது. செலின் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, பின்னால ஒரு ஸ்குரூகூட இல்ல. ஒங்களுக்கு இதுல என்ன வேல?"

"அந்தக் கறுப்பு புத்தம் புதுசு. நேத்துத்தான் பெட்டியப் பிரிச்சோம்" என்றார் கடைக்காரர் சுந்தரலிங்கம்.

[இங்கே மரவகைகளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்குள் இஞ்ஞாசிமுத்து சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்துவிட்டார்.]

கம்பிகளைத் தளர்த்தி, நாலு ஸ்குரூவையும் கழற்றி, கழுத்தைத் தனியே எடுத்தார். கழுத்து உட்காரும் குழியில், நாலாக மடித்த ஒரு பஸ் டிக்கெட். கம்பம் முதல் தேனி வரை.

"ஏண்ணே, பெட்டிக்குள்ள இருந்த கிடாரு பஸ்ஸுலயா வந்துச்சு?"

சுந்தரலிங்கம் மின்விசிறியை உற்றுப் பார்த்தார். இஞ்ஞாசிமுத்து குப்பை என்று டிக்கெட்டைத் தூக்கி எறிந்தார். விசிறிக் காற்றில் அது ரோட்டுக்குப் பறந்தது. கழுத்தை மறுபடி குழியில் வைத்து, பம்பு மூடியை முறுக்குவதுபோல் ஸ்குரூக்களை மூலைக்கு மூலை முறுக்கி, கம்பிகளையும் ஏற்றினார். ஆனால் கம்பிகள் கழுத்தைவிட்டு எட்ட நின்றன. அழுத்த ஆள் கூப்பிட வேண்டும் போலிருந்தது.

"அந்த டிக்கெட்டுதாம்ணே கழுத்தச் சரியாச் சாய்ச்சு வச்சிருந்துச்சு. கழட்டுனது நீங்க. வாங்கித்தான் ஆகணும்" என்றார் சுந்தரலிங்கம்.

செலினின் இடது கை கண்ணாடி மேஜைமேல் மெல்லத் தாளம் போட்டது.

* கடையின் பெயரைச் சொல்லமாட்டேன். அப்படி ஒரு கடையே இல்லை.

4

இங்கே மாட்டிக்கொண்டேன். அந்த டிக்கெட்டை உள்ளே வைத்தது நான்தான்; கதை தட்டையாகக் கிடந்தது, அடியில் ஏதாவது கொடுத்துத் தூக்கலாம் என்று பார்த்தேன். இப்போது அதை எடுத்த ஆளை எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியவில்லை.

நல்லவேளை, நேற்று மோட்டார் மறுபடி நின்றது. சரிபார்க்க வந்த இஞ்ஞாசிமுத்துவுக்கு இதுவரை படித்துக் காட்டினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இதுக்கா சார் ரெண்டு நாளா முழிக்கிறீக? நம்ம பையில பேக்கிங் தாள் எப்பவும் கெடக்கும்ல. பம்பு மூடிக்கு அடியில வைக்க வெட்டுற மாதிரி ஒரு துண்டு வெட்டி அங்கன சொருகுனா முடிஞ்சுபோச்சு."

அப்படியே எழுதினேன். கம்பிகள் இறங்கின. இஞ்ஞாசிமுத்து கறுப்பை வாங்கினார்.

5

முடிவு. முதலில் எழுதியது: 'அவர் வாசிக்க, சபையே கண்ணீர்…'

"வேண்டாம் சார், ஊர்ல சிரிப்பாக."

அடுத்தது: 'முதல் பாட்டிலேயே கரண்டு போக…'

"போகாது. ஜெனரேட்டர் நாந்தான் பாக்குறேன்." கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "முடிவ ஒட்டிப்புடாதீக. நாலு ஸ்குரூல நிக்கட்டும். தப்பாயிட்டா கழட்டிக்கலாம்."

இன்று வெள்ளி. நிஜத்தில் அவர்கள் கடைக்கு நாளைதான் போகிறார்கள். ஞாயிறன்று முதல் பாட்டில் அவர் விரல் சரியான இடத்தில் விழுமா, இல்லை தொடக்கத்திலேயே தடுமாறுமா என்பதை நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்றால் கழற்றி வேறொன்றைப் போடுங்கள்.

ஆனால் எந்த முடிவைப் போட்டாலும், பாட்டு முடியும்வரை செலினின் இடது கை மடியில்தான் இருந்தது. மன்னிக்கணும் இஞ்ஞாசிமுத்து, அதை மட்டும் ஒட்டிவிட்டேன்.