மயூராவின் இரண்டாவது சாமத்தியவீடு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ரஞ்சினியக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "மகளின்ர விழா. சனி பின்னேரம் நாலு மணி. கட்டாயம் வாங்கோ." கீழே, பெண்பிள்ளை வயதுக்கு வந்ததற்கு எடுக்கிற சாமத்தியவீட்டு அழைப்பு மாதிரி, மகள் மயூராவின் முகம், கழுத்தில் மாலை. வயது முப்பத்தொன்பது.

அது சிட்னியில் அவள் வைத்த புகைப்படக் கண்காட்சியின் போஸ்டர். அக்காவுக்கும் தெரியும். சனம் வந்தால் விழாதானே என்பது அவர் கட்சி.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பெண்ணுடல் என்பது பண்பாடு தன்னை எழுதிப் பார்க்கும்..."

வெட்டியாயிற்று. ஐம்பத்தெட்டு வயது ஆம்பிளை, எனக்கேன் இந்த வேலை? மயூராவிடமே கேட்டேன்.

"எழுதுங்கோ அங்கிள். என்னை மட்டும் அழ வைக்காதேங்கோ. கதையளில பொம்பிளையள் எப்ப பார்த்தாலும் அழுகினம்."

சரி, அழமாட்டாள்.

3

மெல்பேர்னில் அவள் ஒரு கண்காட்சி பார்த்தாளாம். சிக்கானா ஒருத்தி, அதாவது மெக்சிக்க வழிவந்த அமெரிக்கப் பெண், தன் பதினைந்தாம் பிறந்தநாள் கவுனை நாற்பது வயதில் போட்டு, முதுகில் ஸிப் பூட்டாத கோலத்தில் தன்னைத்தானே படம் எடுத்திருந்தாள். அவர்களும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மண்டபம் எடுத்து, கிரீடம் வைத்து, ஊரைக் கூப்பிடுகிற ஆட்கள். [எங்கள் ஆட்களேதான். சாமத்தியவீட்டில் எங்கள் படக்காரர் பதின்மூன்று வயது மயூராவைத் தாமரைப்பூவுக்குள் வெட்டி ஒட்டி, பின்னால் நயாகராவை ஓடவிட்டார்.]

மயூராவும் தன் சாமத்தியவீட்டுப் பழைய தாவணியைக் கட்டித் தன்னைப் படம் எடுத்தாள். வயிறு திறந்திருக்கிறது. அடிவயிற்றில் குறுக்காகத் தழும்பு. மார்ச்சில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அம்மாவிடம் பேர்த் நகரில் வேலை என்று சொல்லியிருந்தாள். படத்தின் கீழே அவள் கையெழுத்து: "வந்ததுக்கு விழா எடுத்தீங்கள். போனதுக்கு?"

"சொன்னா அம்மா என்னைக் குறைஞ்ச பிள்ளையாப் பார்ப்பா. அதைத்தான் தாங்கேலாது. தனிய வந்து படத்தைப் பார்க்கட்டும்."

4

அக்கா தனியே வரவில்லை. பட்டுச்சேலைகளோடு முப்பது பெண்கள். பலகாரம், பழம், பூ, சொக்லேற் என்று வரிசையாகத் தட்டுகள். எண்ணினால் பத்து. இரட்டைப்படை ஆகாது. யாரோ கண்காட்சி நடந்த கலரிக்காரரின் சீஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் சேர்ந்தார். பதினொன்று. கலரி மேலாளர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. மரியாதையாகப் பின்னால் நடந்தார்.

(அடிக்குறிப்பு: தூக்கியது என் மனைவி. எழுதாதே என்றாள்.)

வரிசை படத்தின் முன் நின்றது. அக்கா கண்ணாடியைப் போட்டு வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார்.

"எப்ப?"

"மார்ச், அம்மா."

"ஆர் பக்கத்தில இருந்தது?"

"ஒருத்தரும் இல்லை."

5

முடிவு ஒன்று: அக்கா மயங்கி விழுகிறார். [மலிவு.]

முடிவு இரண்டு: மகளைக் கட்டிப்பிடித்து [அழுகை வந்துவிடும். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.]

முடிவு மூன்று: ஆரத்தித் திரியின் புகைக்கு நெருப்பு அலாரம் அடிக்க, எல்லோரும் தெருவுக்கு ஓடுகிறார்கள். [ஓடப் பார்ப்பது நான்தான்.]

நடந்தது இவ்வளவுதான். அக்கா ஆரத்தி எடுக்கிற ஆலாத்தித் தட்டைத் தூக்கினார். வாழைப்பழத் துண்டுகளில் திரி எரிந்தது.

"இப்பிடி வந்து நில், பிள்ளை."

மயூரா படத்தின் கீழே வந்து நின்றாள். ஆலாத்தியை ஒராள் எடுப்பதில்லை. எதிரெதிராக இரண்டு பெண்கள் தட்டைப் பிடிக்க வேண்டும்.

"மற்றப் பக்கம் ஒராள் வாங்கோ," என்றார் அக்கா.

முப்பது பேரும் பலகாரத்தைப் பார்த்தார்கள். என் மனைவி சீஸைப் பார்த்தாள். போனதுக்கு ஆலாத்தி எடுத்த வழக்கம் ஒருவருக்கும் தெரியாது. ஆண்கள் பிடிப்பதில்லை என்று நான் சுவரோடு நின்றேன். [சாட்டு, தப்பிக்கிற சாக்கு. வெட்கமாக இருக்கிறது.]

அக்கா தட்டின் மற்றப் பக்கத்தைச் சனத்தை நோக்கி நீட்டுகிறார். "ஒராள் வாங்கோவன்," என்கிறார் திரும்பவும். மயூரா ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள்.

இதற்கு மேல் எனக்கு எழுத வராது. வாசித்துக்கொண்டு நிற்கிற நீங்கள் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள். தட்டு கனக்கிறது.